கிண்ணத்தின் அடியில் ஒரு பெயர்



கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் நம்மவர் இல்லங்களில் ஷோகேஸ் இல்லாத முன்கூடம் அரிது. நிக்காஹ் சீரில் வந்த கண்ணாடிக் கோப்பைகளும், சவூதியிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ உறவினர் கொணர்ந்த கிண்ணங்களும் அதனுள் பூட்டப்பட்டிருக்கும். அவற்றில் எவரும் உண்பதில்லை, பருகுவதுமில்லை. பெருநாளுக்கு முன் ஒருமுறை துடைத்து வைப்பதோடு சரி. அவற்றுள் ஒன்றைக் கவிழ்த்து அதன் அடிப்பாகத்தை என்றேனும் பார்த்திருக்கிறீர்களா?

அச்சில் வார்த்த கிண்ணமாயின், பெரும்பாலும் பக்கவாட்டில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அச்சின் இரு பாதிகளும் கூடிய இடம் அது. குழலால் ஊதிக் கையால் உருவாக்கிய கிண்ணத்தில் அக்கோடு இராது. அதன் அடி நடுவே ஒரு தழும்பு இருக்கும். வாய்ப்பகுதியை விரிக்கும்போது கிண்ணத்தைத் தாங்கிநின்ற இரும்புக் கம்பியைப் பிரித்தெடுத்த அடையாளம் அது. சிலர் அதைத் தேய்த்து மழுக்கிவிடுவர். அத்தழும்பின் அருகே ஒரு பெயரும் ஆண்டும் கீறப்பட்டிருந்தால், தனிக் கலைஞர் ஒருவரின் பட்டறையில் பிறந்த கிண்ணமாக அது இருக்கலாம். மேலைநாடுகளில் அப்பெயருக்காகவே பெரும்பொருள் கொடுத்து வாங்கிச் சேர்ப்போர் உண்டு. (கீறுவதற்கு ஊசி எவருக்கும் கிடைக்கும் என்பதையும் வாங்குவோர் மறக்கலாகாது!)

அழகுக்காகக் கண்ணாடிக் கிண்ணம் வாங்குவது நம் பக்கத்திற்கும் புதிதன்று. குமுளிக் கணவாயைக் கடந்து மேற்கே இறங்கினால், பெரியாற்றின் கழிமுகப் பகுதியில் பட்டணம் என்றோர் ஊர் உண்டு. அதுவே பண்டைய முசிறி எனக் கருதுவோர் உளர். 2007 முதல் அங்கு நடந்த அகழாய்வில், விலாவெலும்புபோல் வரிகள் புடைத்த உரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் உடைசல்கள் கிடைத்தன. கிழக்குக் கரையில் அரிக்கமேட்டிலும் அத்தகையவை கிடைத்துள்ளன.

அவற்றை யார் செய்தார் என்பது நமக்குத் தெரியாது. கெய்ரோவில் சுல்தான் ஹஸன் பள்ளிவாசலுக்காக 14ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட கண்ணாடி விளக்குகளை எண்ணிப் பாருங்கள். அந்நூர் அத்தியாயத்தின் விளக்கு வசனம் அவற்றில் வண்ணத்தால் எழுதப்பட்டிருக்கும். சுல்தானின் பெயரும் இருக்கும். செய்தவரின் பெயரை அக்கால விளக்குகளில் காண்பது மிக அரிது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள அமீர் கவ்ஸூனின் விளக்கு அந்த அரியவற்றுள் ஒன்று. அதைச் செய்தவர் அலீ இப்னு முஹம்மத் என்பது அவ்விளக்கிலேயே உள்ளது.

கண்ணாடி நெடுங்காலம் ஒரு கூட்டத்தின் தொழிலாகவே இருந்தது. பெரிய உலை, அதைச் சுற்றிப் பலர் என்பதே வழக்கம். தனி ஒருவர் தம் சிறிய பட்டறையில் கண்ணாடியை உருக்கிக் கலை செய்ய இயலும் என அமெரிக்காவில் காட்ட முனைந்தவர் ஹார்வி லிட்டில்டன். 1962இல் டொலிடோ அருங்காட்சியக வளாகத்திலிருந்த ஒரு கார் கொட்டகையில் சிற்றுலை அமைத்தார். முதலில் இட்ட கலவை சரிவர உருகவில்லை. டொமினிக் லபினோ என்னும் ஆய்வாளர், கண்ணாடி இழை தயாரிக்கப் பயன்படும் கோலிக்குண்டுகளைக் கொடுத்து, அவற்றை உருக்கச் சொன்னார். உருகிற்று! ஓய்வுபெற்ற தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் குழலெடுத்து ஊதிக் காட்டினார்.

ஊதி முடித்ததும் கிண்ணத்தை வெளியே வைத்துவிட முடியாது. இன்னோர் அடுப்பிலிட்டுப் பல மணி நேரம் படிப்படியாக ஆறவிட வேண்டும். போடியில் ஏலக்காயை அவசரமாகச் சுட வைத்தால் பச்சை நிறம் போய்விடுவதை அறிவீர்கள். இங்கே அவசரப்பட்டால் கிண்ணமே வெடித்துவிடும்.

லிட்டில்டனின் மாணவருள் புகழ்பெற்றவர் டேல் சிஹூலி. 1976இல் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் இடக்கண் பார்வையை இழந்தார். 1979இல் தோள்பட்டை பிசகியது. அதன்பின் குழலை மற்றவர் கையில் கொடுத்துவிட்டார். அவர் வரைவார், வண்ணம் சொல்வார், மேற்பார்வை செய்வார், ஊதுவோர் வேறு. 1981இல் தொடங்கிய ‘மாக்கியா’ என்னும் பலவண்ணக் கிண்ணங்கள் அவ்வாறு பிறந்தவையே. கையெழுத்து அவருடையது, மூச்சு பிறருடையது. தனி ஒருவரின் கலையாக உயர்ந்தது மீண்டும் கூட்டத்தின் தொழிலாகிவிட்டதே என்று எனக்குத் தோன்றும். எனினும் அவர் அதை மறைக்கவில்லை. ஊதுவோர் புடைசூழ அவர் நிற்கும் படங்கள் ஏராளம்.

நம் நாட்டுக்கு வாருங்கள். நம் பெண்மக்கள் அணியும் கண்ணாடி வளையல்களில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோஸாபாத்தில் பிறப்பவை. உலையடியில் நிற்பவர், சுருளாக இழுப்பவர், அறுப்பவர், வீட்டில் சிறு சுடர்முன் குனிந்து முனைகளை ஒட்டுபவர் என ஒரு வளையல் பல கைகளைக் கடக்கிறது. ஒட்டும் வேலை பெண்களுக்கு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னும் நெடுங்காலம் சிறுவர்களுக்கும். எண்ணிக்கைக்குத் தகுந்த கூலிதான். பெயர் கீற அதில் இடமேது? இடமிருந்தால் மட்டும் கீறவிடுவார்களா? கையெழுத்திட்ட கிண்ணத்தின் விலையைக் கேட்டு வியப்பவர், வளையல் கடையில் டஜனுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி வாதிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி ஓர் எச்சரிக்கை. லிட்டில்டனின் தந்தை ஜெஸ்ஸி, கார்னிங் நிறுவனத்தில் கண்ணாடி ஆய்வாளர். 1913இல் அவர் மனைவி, பேட்டரி ஜாடி ஒன்றின் அறுத்தெடுத்த அடிப்பகுதியில் கேக் சுட்டுப் பார்த்தார், கண்ணாடி வெடிக்கவில்லை. 1915இல் ‘பைரெக்ஸ்’ கடைக்கு வந்தது. தந்தையின் கண்ணாடி அடுப்பைத் தாங்கியது. மகன் தொடங்கிய வழியில் இன்று பட்டறைகளில் ஊதப்படுவதோ பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடிதான். எனவே, அத்தகைய கிண்ணம் தங்கள் இல்லத்திற்கு வந்தால் பழம் வையுங்கள், பேரீச்சை வையுங்கள். நோன்புக் கஞ்சியைச் சுடச்சுட ஊற்றிவிடாதீர்கள்.