தமிழ்ல படிச்சா டிஸ்லெக்சியா வராதா?

1/ "டிஸ்லெக்சியா எல்லாம் இங்கிலீஷ் மீடியம் வியாதி டாக்டர். தமிழ்ல எழுதியிருக்கிறத அப்படியே வாசிக்கலாமே, அதுல எப்படி வரும்?" கம்பம், சின்னமனூர், போடின்னு எங்க போனாலும் இந்தப் பேச்சுதான். படிச்சவங்களே சொல்றாங்க. இது தப்பு. விலை கொடுக்கிறது நம்ம பிள்ளைங்க.

2/ பேச்சு கேட்டாலே வந்துடும். வாசிப்பு அப்படி வராது. மனுசன் எழுத ஆரம்பிச்சு சுமார் 5000 வருசம்தான் ஆகுது. அதனால வாசிப்புக்குன்னு மூளையில பிறவியிலேயே ஒதுக்கின இடம் கிடையாது. உருவங்களை அடையாளம் காணுற பகுதியில, இடது பக்கம் ஒரு சின்ன இடத்தை எழுத்துக்குப் பழக்குறோம். அதை ஒலியோட இணைக்கிறோம்.

3/ அந்த இணைப்பு அறுந்தா? பிரான்ஸ்ல டெஜரின்னு ஒரு நரம்பியல் மருத்துவர் 1892-ல பதிவு செஞ்ச நோயாளி: பக்கவாதத்துக்குப் பிறகும் நல்லா பேசினார், எழுதினார். ஆனா தான் எழுதினதையே வாசிக்க முடியல!

4/ மொழிக்கு மொழி வித்தியாசம் இல்லையா? இருக்கு. ஜப்பானியர்ல சிலருக்குப் பக்கவாதம் வந்தா சித்திர எழுத்தான காஞ்சி மட்டும் பாதிக்கும், சிலருக்கு ஒலி எழுத்தான கானா. ஆனா "ஒலிப்படி எழுதுற மொழி தப்பிச்சிடும்"னு அர்த்தமில்ல. கொரிய மொழியைப் பாருங்க. 1446-ல மன்னர் செஜோங் அறிவிச்ச ஹங்குல், அடிப்படை எழுத்து 24தான், ஒலிக்கு ஏத்த எழுத்து. அங்கேயும் டிஸ்லெக்சியா பிள்ளைங்க உண்டு.

5/ 2001-ல ஒரு ஆய்வு. இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து மூணு நாட்டு டிஸ்லெக்சியா உள்ளவங்களோட மூளையை ஸ்கேன் பண்ணிப் பார்த்தாங்க. இத்தாலியன் ஒலிப்படி எழுதுற மொழி, அதனால அவங்க வாசிப்பு மத்தவங்களைவிடப் பரவாயில்ல. ஆனா மூளையில தெரிஞ்ச குறை மூணு பேருக்கும் ஒண்ணுதான். எளிய எழுத்து குறையை மறைக்கும், நீக்காது.

6/ சரி, தமிழ் அவ்வளவு எளிசா? 247 எழுத்து. 'கொ'வுக்கு க-வோட ரெண்டு பக்கமும் குறி. 'கெ'ல குறி முன்னாடி, அதோட ஒலி பின்னாடி. 'கல்', 'தங்கம்', 'அகம்' மூணுலயும் ஒரே க, மூணு உச்சரிப்பு. வாய் சொல்றது "வீட்டுக்குப் போனான்", புத்தகத்துல "வீட்டிற்குச் சென்றான்". நம்ம பக்கம் வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசுற குடும்பங்களும் நிறைய.

7/ தமிழ்ல இது எப்படித் தெரியும்? நாலாவது படிக்கிற பிள்ளை எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிக்கும். வரி முடியிறதுக்குள்ள ஆரம்பம் மறந்திடும். அதே கேள்வியை நீங்க வாசிச்சுக் காட்டுங்க, டக்குனு பதில் வரும். இந்தப் பிள்ளையா மக்கு?

8/ பட்டம் கட்டினதுக்கு அப்புறம் நடக்கிறது தெரியும்ல? "இவனுக்குப் படிப்பு ஏறல." திராட்சைத் தோட்டம், இல்லேன்னா விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஜீப். வசதியுள்ள வீட்டுல மூளை டானிக். ஒரு டானிக்கும் டிஸ்லெக்சியாவைக் குணப்படுத்தாது. அடியும் குணப்படுத்தாது. கண்ணாடி பார்வைக்குத்தான், இதுக்கில்ல.

9/ 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் இருக்கு. அதுல "இங்கிலீஷ் மீடியத்துக்கு மட்டும்"னு எங்கயும் எழுதல. சான்றிதழ் இருந்தா பொதுத்தேர்வுல கூடுதல் நேரம், சொல்றதை எழுத ஆள்னு சலுகை உண்டு. தனியார் பள்ளிப் பெற்றோர் இதைக் கேட்டு வாங்குறாங்க. அரசுப் பள்ளிப் பெற்றோருக்கு யார் சொல்றது?

10/ ஆசிரியர்களே, அந்தப் பிள்ளையை எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிக்க வைக்காதீங்க. கேள்வியை வாசிச்சுக் காட்டி, வாயால பதில் வாங்குங்க. பள்ளிக்கு வர்ற அரசு மருத்துவக் குழுகிட்ட பேரைச் சொல்லுங்க, கற்றல் குறைபாடும் அவங்க பார்க்க வேண்டிய பட்டியல்ல இருக்கு. பெற்றோர்களே, முதல்ல காதும் கண்ணும் சோதிச்சிடுங்க. அப்புறம் க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் குழந்தைகள் பிரிவுல கேளுங்க. தினம் கொஞ்ச நேரம், ஒலியைப் பிரிச்சுச் சேர்க்கிற பயிற்சி. சீக்கிரம் தொடங்கினா நல்ல பலன் உண்டு.

உங்க தெருவுலயே அப்படி ஒரு பிள்ளை இருக்கும். இதை அந்த வீட்டுக்கு அனுப்புங்க.