மனநல மருத்துவம் எங்கே பயில்வது?

“சிதம்பரத்தில் எம்.பி.பி.எஸ். முடிக்கவிருக்கும் என் மகள், மனநல மருத்துவமே மேற்கொண்டு பயில்வேன் என்கிறாள். எங்கே சேர்ப்பது?” எனக் கடலூர்த் தந்தை ஒருவர் வினவுகிறார். ‘பைத்திய வைத்தியமா?’ என்று உறவினர் நகைக்கின்றனராம். நகைக்கட்டும். 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில் சங்கிலியில் பிணிக்கப்பட்ட 28 மனநோயாளர் தீயில் மாண்டதை நாம் மறந்துவிட்டோமா?

நீட் முதுநிலைத் தேர்வின் தரவரிசையே பெரும்பாலும் இடத்தை முடிவுசெய்யும். பெங்களூர் நிம்ஹான்சுக்கும் புதுவை ஜிப்மருக்கும் நுழைவுத் தேர்வு வேறு. ஆயினும் விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்துவது தங்கள் மகளின் கையில்தான் உள்ளது. கல்லூரியின் பெயரை மட்டும் கண்டு அவள் வரிசைப்படுத்த வேண்டாம். சென்னைக் கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. நெடுநாள் நோயாளரை அங்கே காணலாம். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலோ, நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் உடன் தங்குவர். நோயாளியின் தாய் சொல்வதையும் பொறுமையாகக் கேட்கப் பழக்கும் பயிற்சி அது! என் மனம் அங்கேதான் சாய்கிறது.

பயிற்சி மருத்துவராகப் பணியாற்றும் ஓராண்டில் மனநலத் துறைக்குக் கிடைப்பது இரண்டே வாரங்கள். அது போதாது. விடுப்பு நாட்களில், துறைத் தலைவரின் அனுமதி பெற்று, பிற இடங்களையும் அவள் நேரில் காணட்டும். அங்குப் பயிலும் மூத்த மாணவரிடம் ஒன்றைக் கேட்கட்டும்: “முதன்முதலாக நோயாளியோடு பேசியபோது, ஆசிரியர் உங்கள் அருகில் அமர்ந்திருந்தாரா?”

விழுப்புரம் வழியாக வேலூருக்கு ரயில் உண்டு. தாங்களும் அவளுடன் சென்று வாருங்கள்.