ஆஃபர் லெட்டர் முதல் ராஜினாமா வரை: புதிய தொழிலாளர் சட்டங்களால் எதெல்லாம் மாறுகிறது?

29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை ஒருங்கிணைத்து உருவாக்கப்பட்ட நான்கு சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தன. தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருப்பதால், மத்திய அரசோடு மாநில அரசுகளும் இதற்கான விதிகளை வகுக்க வேண்டும். ஆனால் நிறுவனங்களின் வேலை ஒப்பந்தங்களைத் திருத்தி எழுத வேண்டிய கட்டாயம் இப்போதே வந்துவிட்டது.

கையில வர்ற சம்பளம் குறையுமா?

எல்லோருக்கும் குறையாது. அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் 50 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய தொகை ‘ஊதியம்’ என்ற கணக்கில் சேரும். மாதச் சம்பளம் 40,000 ரூபாய், அதில் பேசிக் 12,000 என்று வைத்துக்கொள்வோம். அலவன்ஸ் 28,000. வரம்பு 20,000. மீதி 8,000 பேசிக்குடன் சேர்ந்து, ஊதியம் 20,000 ஆகிறது.

பி.எஃப். பிடித்தத்துக்கான சட்ட வரம்பு 15,000 ரூபாய். இதுவரை 12,000-க்கு 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் பிடித்தார்கள் என்றால், இனி 1,800 ரூபாய் பிடிக்கலாம். கையில் வருவது 360 ரூபாய் குறையும். நிறுவனம் தன் பங்கையும் சி.டி.சி.க்குள்ளேயே அடக்கினால் இன்னொரு 360 போகும். ஏற்கெனவே 15,000-க்குப் பிடித்தம் செய்யப்படுபவருக்கு இந்த மாற்றம் இருக்காது.

அப்போ லாபம் எங்கே?

பணிக்கொடையில். அதே ஊழியர் ஐந்து ஆண்டு வேலை செய்தால், 12,000-ஐ வைத்துக் கணக்கிடும்போது சுமார் 34,600 ரூபாய் கிடைக்கும். 20,000-ஐ வைத்தால் சுமார் 57,700. இந்தக் கூடுதல் செலவுதான் நிறுவனங்களின் முக்கியக் கவலை.

ஒப்பந்த ஊழியர்களுக்கு என்ன?

குறிப்பிட்ட காலத்துக்கு நேரடியாக வேலைக்கு எடுக்கப்படுபவருக்கும் நிரந்தர ஊழியருக்கு இணையான ஊதியம், சலுகைகள் தர வேண்டும். ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை உண்டு. ஆனால் காலம் முடிந்து வெளியேறுவது ஆட்குறைப்பாகக் கருதப்படாது. அதற்கான இழப்பீடும் கிடையாது. நிரந்தர வேலைகளே இப்படி மாறிவிடுமோ என்பதுதான் தொழிற்சங்கங்களின் அச்சம்.

ஆட்குறைப்பு எளிதாகிறதா?

ஆம். தொழிற்சாலை, சுரங்கம், தோட்டங்களில் 100 தொழிலாளர்கள் இருந்தாலே அரசின் முன் அனுமதி தேவை என்ற வரம்பு 300 ஆகிவிட்டது. கோவை, திருப்பூர் பகுதியில் 150, 200 பேரை வைத்து இயங்கும் ஆலைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். இழப்பீடு கொடுக்கும் கடமை நீங்கவில்லை. மறுதிறன் நிதிக்கு 15 நாள் ஊதியத்தையும் முதலாளி செலுத்த வேண்டும்.

ஊழியர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

‘லெட்டரெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று இனி சொல்ல முடியாது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடங்களில் பணி நியமனக் கடிதம் கட்டாயம். ராஜினாமா செய்தாலும், நீக்கப்பட்டாலும் பாக்கி ஊதியத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் தர வேண்டும். திருத்திய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: பேசிக் எவ்வளவு, நிறுவனத்தின் பி.எஃப். பங்கு யார் தலையில் விழுகிறது, ‘குறிப்பிட்ட காலம்’ என்ற சொல் புதிதாக நுழைந்திருக்கிறதா. சம்பளத் தொகை அப்படியே இருந்தாலும், இந்த மூன்றில் ஒன்று மாறினால் வேலையின் தன்மையே மாறிவிடும்.