ஒளியைப் படிக்கும் கண்

வடலூர் சத்திய ஞானசபையில் தைப்பூசத் திருநாளன்று ஏழு திரைகளும் ஒவ்வொன்றாய் விலகச் சோதி புலனாகிறது. அங்குத் திரை விலகினால்தான் காட்சி. வானியலிலோ, ஒளியின் குறுக்கே திரையொன்று வந்து போவதே பெருஞ்செய்தி. கோள் ஒன்று தன் விண்மீனின் முன்னே கடக்கும்போது விண்மீனின் ஒளி சற்றே குன்றி மீள்கிறது. காலத்தை ஓர் அச்சிலும் ஒளியளவை மற்றோர் அச்சிலும் குறித்து வரையும் படமே ஒளி வளைவரை.

ஒளி மாற்றத்தைக் கூர்ந்து நோக்கும் கலை தமிழகத்திற்குப் புதிதன்று. வள்ளலார் வடலூரில் தருமசாலையைத் தொடங்கிய 1867ஆம் ஆண்டிலேயே, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி ‘ஆர் ரெட்டிகுலி’ என்னும் ஒளி மாறும் விண்மீனைக் கண்டறிந்தார். அன்று அதற்கு வானாய்வகத்தின் தொலைநோக்கி வேண்டியிருந்தது. இன்று ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் போதும். 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்தொலைநோக்கி ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட விண்மீன்களின் ஒளியை அளந்தது. அத்தரவுகள் எவருக்கும் திறந்திருக்கின்றன. அவற்றைப் படமாக்கிக் காட்டும் ‘லைட்கர்வ்’ போன்ற மென்பொருள்களும் விலையின்றிக் கிடைக்கின்றன.

சூரியனை ஒத்த விண்மீனை வியாழன் அளவுள்ள கோள் கடந்தால் ஒளி ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறையும். புவியளவுள்ள கோளாயின் குறைவு பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் சிறிது. இத்தகைய நுண்சரிவு ஒருமுறை தோன்றினால் இரைச்சலுள் மறைந்துவிடும். ஆதலால் மென்பொருள், கோள் சுற்றும் கால அளவுக்கேற்ப வளைவரையை மடித்து, சரிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக் காட்டுகிறது. கருவியால் விளையும் பிசிறுகளைச் சமன்செய்யவும் அது உதவுகிறது. ஆனால், அளவறியாது சமன்செய்தால் பிசிறோடு கோளின் தடமும் அழிந்துபோகும். எதனை நீக்குவது, எதனை வைப்பது என்பதை மென்பொருள் அறியாது. அதனை இயக்குபவரே அறிதல் வேண்டும்.

படம் கிடைத்தாலும் பொருள் எளிதில் கிடைத்துவிடுவதில்லை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்கிக் கடந்ததைக் காவலூர் வானாய்வகம் பதிவுசெய்தது. விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியதைக் கண்ட பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதனை ஒரு புதிய துணைக்கோளின் அடையாளமாகக் கருதினர். பிற இடங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, அது யுரேனசைச் சூழ்ந்த வளையம் எனத் தெளிந்தது. காவலூரின் பதிவும் மீண்டும் ஆராயப்பட்டு, அவ்வாண்டிலேயே வளைய அமைப்பிற்குச் சான்றாயிற்று. தரவு மாறவில்லை, படித்த முறை மாறியது. முதல் முடிவைத் திருத்திக்கொள்வது அறிவியலுக்கு இழுக்கன்று; அதுவே அதன் வலிமை.

கணினியின் தேடலுக்குத் தப்பியவையும் உண்டு. சீரான இடைவெளியில் வரும் சரிவுகளைத் தேடவே கணினி நிரல்கள் எழுதப்பட்டிருந்தன. கெப்ளர் தரவுகளைப் பார்வையிட்ட தன்னார்வலர்களோ, ஒழுங்கின்றி மங்கிய விண்மீன் ஒன்றைச் சுட்டினர். அதன் ஒளி ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கிற்கும் மேல் குறைந்திருந்தது. அவர்களுள் பலர் தொழில்முறை வானியலாளர் அல்லர்.

தேர்வில் வினவப்படாத ஒன்றிற்குப் பதினோராம் வகுப்பு மாணவர் ஏன் நேரம் செலவிட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பாடநூல் தருவன பிறர் கண்ட முடிவுகள். முடிவுக்கு வருமுன் எழும் ஐயம், ஒப்பீடு, திருத்தம் ஆகியவற்றை ஒருவர் தாமே தரவைக் கையாண்டுதான் கற்க இயலும். வருங்காலத்தில் மருத்துவமோ வேளாண்மையோ எத்துறையாயினும், கணினி தரும் படத்தை நம்புவதா, வினவுவதா என்னும் கேள்வி எழும். அதற்கான பயிற்சிக்கு விண்மீன் ஒளி ஏற்ற களம். அங்குத் தவறினும் எவர்க்கும் தீங்கில்லை.

பள்ளிக் கணினி ஆய்வகங்களில் வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கப்படுமாயின், வடலூரிலிருந்தும் ஒரு மாணவி தொலைவிலுள்ள விண்மீனின் ஒளியைத் தன் கண்ணாலேயே படிக்கக்கூடும். அவ்வாய்ப்பை அவளுக்கு அளிப்பது பள்ளியின் கடமை.