கட்டணச் சீட்டோடு வந்த எச்சரிக்கை

அமெரிக்காவில் குழாயைத் திறந்து அப்படியே தண்ணீர் குடிக்கலாம் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பெரும்பாலான ஊர்களில் அது உண்மைதான். ஆனால் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், அப்பலாச்சியன் மலைகளுக்கு நடுவே, மார்ட்டின் கவுன்ட்டி என்றொரு சிறு பகுதி உள்ளது. கவுன்ட்டி என்பது நம் தாலுகாவைப் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. இங்கே மொத்த மக்கள்தொகையே 11,000 சொச்சம்தான். பல ஆண்டுகளாக இவர்களுக்குத் தண்ணீர்க் கட்டணச் சீட்டோடு ஓர் எச்சரிக்கையும் வந்துகொண்டிருந்தது.

அதன் சாரம் இதுதான்: உங்கள் குடிநீரில் சில பொருள்கள் சட்டம் அனுமதிக்கும் அளவைத் தாண்டியுள்ளன. இத்தகைய நீரைப் பல ஆண்டுகள் குடிப்பவர்களுக்குக் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் நரம்பு மண்டலத்திலும் கோளாறு வரலாம். புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடலாம். ஆயினும் நீங்கள் வேறு தண்ணீர் தேட வேண்டியதில்லை!

மாணவ நண்பர்களே, இதைப் படிக்கும் ஒரு தாய் என்ன செய்வாள்? முதல் வாக்கியத்தை நம்புவதா, கடைசி வாக்கியத்தை நம்புவதா? இப்படி எழுதவேண்டும் என்று வகுத்தது அந்தக் குடிநீர் வாரியம் அன்று. அமெரிக்க நடுவண் அரசின் விதி. விதியை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆபத்து உடனடியானதன்று, ஆண்டுக்கணக்கில் சேர்வது என்பதே அவர்கள் சொல்ல வந்தது. ஆனால் அதே சீட்டு ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால்? அதற்கு விதியில் விடை இல்லை.

அளவைத் தாண்டிய அந்தப் பொருள்கள் எவை? இங்கேதான் வியப்பு. அவை ஆற்றில் யாரோ கொட்டிய நஞ்சு அல்ல. நீரைத் தூய்மை செய்யும்போதே பிறப்பவை. ஆற்று நீரில் இலை தழைகள் மக்கிக் கரைந்த கரிமப் பொருள்கள் இருக்கும். கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரின் இவற்றோடும் வினைபுரிகிறது. அதன் விளைவாகக் குளோரோஃபார்ம் முதலிய டிரைஹாலோமீத்தேன்களும், ஹாலோ அசெட்டிக் அமிலங்களும் உண்டாகின்றன. இதை 1974-இல் முதலில் எடுத்துக்காட்டியவர் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரக் குடிநீர் நிலையத்தில் பணியாற்றிய வேதியியலறிஞர் யோகான்னஸ் ரூக். அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டமும் நிறைவேறியது. இன்று அங்கே வரம்பு, லிட்டருக்கு டிரைஹாலோமீத்தேன்கள் 80 மைக்ரோகிராம், ஹாலோ அசெட்டிக் அமிலங்கள் 60 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கு.

அப்படியானால் குளோரினை நிறுத்திவிடலாமே என்று அவசரப்பட வேண்டாம். குளோரின் இல்லாத நீரில் வாந்திபேதியும் டைஃபாய்டும் வாரக்கணக்கில் ஆளைக் கொல்லும்; இந்த உபபொருள்களின் தீங்கு பல்லாண்டுகளில் தெரிவது. இரண்டில் எது பெரிது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. செய்யவேண்டியது வேறு. குளோரின் சேர்க்கும் முன்பே படிகாரம் இட்டு, கலங்கலைத் தெளியவைத்து, கரிமப் பொருள்களை நன்றாக வடிகட்டிவிடவேண்டும். வினைபுரியக் கரிமம் இல்லையென்றால் குளோரோஃபார்ம் எங்கிருந்து வரும்? தெளியவைப்பதற்கு நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

மார்ட்டின் கவுன்ட்டி நிலையத்துக்கு அந்த நேரம் எங்கே? மேற்கு வர்ஜீனியா எல்லையாக ஓடும் டக் ஃபோர்க் ஆற்றிலிருந்து நீரை ஏற்றி, ஒரு நீர்த்தேக்கத்தில் நிறுத்தி, சுத்திகரித்து, மலைப் பள்ளத்தாக்குகளில் நெடுந்தூரம் கிடக்கும் பழைய குழாய்களில் அனுப்புகிறார்கள். அனுப்பிய நீரில் பாதிக்கு மேல் வழியிலேயே ஒழுகிப் போய்விட்டது என்று மாநிலத்தின் பொதுச்சேவை ஆணையம் நடத்திய விசாரணைகளில் தெரியவந்தது. இழப்பு 15 விழுக்காட்டைத் தாண்டினால், அதற்கான செலவைக் கட்டணத்தில் சேர்க்கக்கூடாது என்பது அம்மாநில விதி. நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் வீடு சேர இரண்டு லிட்டருக்கு மேல் சுத்திகரிக்க வேண்டும். பம்புகளுக்கு ஓய்வில்லை, தொட்டியில் நீர் தெளிய நேரமில்லை, மருந்துச் செலவும் மின்செலவும் இரட்டிப்பு. நீண்ட குழாய்களின் கடைக்கோடியில் நீர் தேங்கிக்கிடக்கும் காலம் அதிகமாக அதிகமாக உபபொருள்களும் கூடும். கோடை வெப்பம் வேறு அதற்குத் துணை.

ஒழுகும் குழாயின் குற்றம் அதோடு முடிவதில்லை. குழாயில் அழுத்தம் நிறைந்திருக்கும்வரை நீர் வெளியே கசியும். அழுத்தம் குறைந்தாலோ அதே ஓட்டை வழியாக மண்ணிலுள்ள அழுக்குநீர் உள்ளே நுழையும். அதனால்தான் குழாய் உடைந்த நாளிலெல்லாம் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அறிவிப்பு வருகிறது. 2018 ஜனவரியில் கடுங்குளிர் வந்து, நீர்த்தேக்க மட்டமும் தாழ்ந்தபோது, பல வீடுகளுக்குப் பல நாள் தண்ணீரே போகவில்லை. அந்த ஆண்டிலேயே கட்டணமும் உயர்ந்தது.

இனி சட்டம் எப்படி அளக்கிறது என்று பார்ப்போம். குறித்த சில இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, நான்கு அளவுகளின் சராசரியைப் பார்ப்பார்கள். ஓர் இடத்தில் 40, 60, 110, 90 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 75. மீறல் இல்லை! ஆனால் அரையாண்டு அந்த வீட்டார் குடித்தது வரம்புக்கு மேற்பட்ட நீர். நீண்டகாலத் தீங்குக்குச் சராசரி பொருத்தமானது என்பது நிபுணர் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் சராசரியை மட்டும் மக்களுக்குச் சொல்வதில் நியாயம் இல்லை என்பது என் கருத்து.

இது வெறும் ஊகமன்று. உள்ளூர் மக்களும் கென்டக்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து சுமார் நூறு வீடுகளின் குழாய்களில் மாதிரி எடுத்துப் பரிசோதித்தார்கள். ஏறக்குறையப் பாதி வீடுகளில் ஏதேனும் ஒரு பொருளாவது வரம்பைத் தாண்டியிருந்தது. ஒருமுறை எடுத்த மாதிரியைச் சட்டம் மீறல் என்று கொள்ளாது. ஆனால் குடிப்பவர் ஆண்டுச் சராசரியைக் குடிப்பதில்லையே, அன்றன்று வரும் நீரைத்தானே குடிக்கிறார்!

அங்குள்ளவர்கள் குழாய்நீரை நம்பாததற்கு இன்னொரு பழைய காரணமும் உண்டு. 2000 அக்டோபர் 11 அன்று, நிலக்கரியைக் கழுவிய கருஞ்சேற்றைத் தேக்கிவைத்திருந்த குளத்தின் அடித்தளம், கீழே இருந்த பழைய சுரங்கத்துக்குள் இடிந்து விழுந்தது. 100 கோடி லிட்டருக்கும் மேலான சேறு இரண்டு ஓடைகளில் பாய்ந்து, டக் ஃபோர்க்கையும் சேர்ந்தது. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் சிந்திய எண்ணெயைப்போல் இருபத்தைந்து மடங்குக்கும் மேல் இது. மனித உயிர்ச்சேதம் இல்லை. ஓடைகளில் மீனும் மற்ற உயிர்களும் அழிந்தன. குடிநீர் எடுக்கும் ஆறே கருமையாக ஓடியதைப் பார்த்தவர்களிடம், பின்னர் வந்த எந்தப் பரிசோதனை முடிவும் எடுபடவில்லை. அவர்கள் அஞ்சியது கரிச்சேற்றின் உலோகங்களுக்கு. சீட்டு எச்சரித்ததோ குளோரினின் உபபொருள்களை. இரண்டும் வெவ்வேறு என்று பொறுமையாக விளக்கியிருக்க வேண்டும்.

நம்பிக்கை போனதும் பணமும் போயிற்று. 1964-இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கு ஆதரவு தேடி நேரில் வந்து ஒரு தொழிலாளியின் திண்ணையில் அமர்ந்தது இதே கவுன்ட்டியின் ஐனெஸ் ஊருக்கருகில்தான். அத்தகைய ஏழைப் பகுதியில் ஒரு குடும்பம் குழாய்நீருக்கும் புட்டிநீருக்கும் இரண்டு முறை பணம் கொடுக்கிறது. சிறிய வாரியம், சில ஆயிரம் இணைப்புகளே. அவர்களிடம் வசூலிக்கும் தொகையில் மலையெங்கும் கிடக்கும் குழாய்களை மாற்ற முடியுமா? 2020 ஜனவரி முதல் நிர்வாகம் வெளியிலுள்ள ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. யார் நிர்வகித்தாலும் ஓட்டை ஓட்டைதானே. மீறலுக்கு அபராதம் விதித்தால் அதையும் அதே மக்கள்தான் கட்டவேண்டும். ஆகவே அபராதத்தைவிட, புதிய குழாய்க்கு மாநிலமும் நடுவண் அரசும் தரும் மானியமே மருந்து என்பேன்.

இன்னொன்றும் செய்யலாம், செலவே இல்லாதது. கட்டணச் சீட்டில் இரண்டு எண்களை மாதந்தோறும் அச்சிடட்டும்: இந்தக் காலாண்டில் உங்களுக்கு அருகிலுள்ள இடத்தில் அளந்த டிரைஹாலோமீத்தேன் எவ்வளவு, சென்ற மாதம் அனுப்பிய 100 லிட்டரில் ஒழுகியது எத்தனை லிட்டர்.