ஐந்தடி மூணங்குலச் சக்கரவர்த்தி

மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸ் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றாவது நிமிஷம் 'கோட் யாரு?' என்று சண்டை வந்துவிடும். கோட் என்றால் ஆடு இல்லை; 'எல்லாக் காலத்துக்கும் பெரியவன்' என்பதன் இங்கிலீஷ் சுருக்கம். கூண்டுக்குள் நடக்கிற சண்டைக்காவது ரெஃப்ரி உண்டு. இதற்கு அதுவும் கிடையாது.

பெரும்பாலோர் ஜோன் ஜோன்ஸ் கட்சி. 2011-ல், 23 வயதில் அமெரிக்காவின் யு.எஃப்.சி. பட்டம் வாங்கினார். அவருக்கு முன்னால் அத்தனை சின்ன வயதில் யாரும் வாங்கியதில்லை. 2023-ல் ஹெவிவெயிட்டும் வந்தது. தோல்வி ஒன்றே ஒன்று, 2009-ல். அதுவும் முழங்கையைச் செங்குத்தாக இறக்கினார் என்று தகுதிநீக்கம். (அந்த விதியையே 2024-ல் தூக்கிவிட்டார்கள்!) எல்லாம் சரி. ஆனால் 2016-ல் மருந்துச் சோதனையில் மாட்டினார். 2017-ல் மறுபடி மாட்டி, டேனியல் கார்மியரை ஜெயித்த வெற்றி 'முடிவில்லை' ஆகிவிட்டது. நான் பி.காம். ஆசாமி. ஆடிட்டர் கையெழுத்துப் போட மறுத்த பாலன்ஸ் ஷீட்டில் லாபம் எத்தனை கோடி இருந்தாலும் எனக்குத் திருப்தி வராது.

அப்படியானால் கபீப்? 29 சண்டை, 29 வெற்றி. 2020-ல் அப்பா இறந்த சில மாதங்களில், அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக ஓய்வு. கண் கலங்குகிறது. ஆனால் யு.எஃப்.சி. பட்டத்தைத் தக்கவைத்தது மூன்றே தடவை. வியாபாரம் சூடு பிடிக்கும்போதே ஷட்டரை இறக்கிவிட்டார்.

கனடாக்காரர் ஜார்ஜ் செயின்ட் பியரிடம் எனக்குப் பாதி மனசு. வாழ்நாளில் இரண்டே தோல்வி; இரண்டு பேரையும் திரும்பத் தேடிப் போய் ஜெயித்துக் கணக்கை நேர் செய்தார். பாக்கி வைக்காத மனுஷன்.

மீதிப் பாதி மனசு யாரிடம் என்று சொல்ல 1993 நவம்பருக்குப் போக வேண்டும். டென்வர் நகரில் முதல் யு.எஃப்.சி. எடைப் பிரிவு கிடையாது. ஜுஜிட்ஸு குடும்பமான பிரேசில் க்ரேஸிக்கள் தங்கள் தரப்பில் இறக்கியது 80 கிலோவே இருந்த ராய்ஸை. வீட்டில் இன்னும் கெட்டியான அண்ணன் ரிக்ஸன் இருந்தார். ஆனாலும் ஒல்லிப் பையன் ஜெயித்தால்தானே வித்தைக்கு மரியாதை? ஒரே ராத்திரியில் மூன்று பேரைச் சாய்த்தார். மூன்றும் சேர்த்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மறு வருஷம், தன்னைவிட முப்பது கிலோவுக்கு மேல் கனமான டான் செவர்னைக் கீழே படுத்தபடியே காலால் கழுத்தைப் பூட்டித் தட்டவைத்தார். வித்தை இருந்தால் உடம்பு ஒரு பொருட்டில்லை என்று காட்டத்தான் இந்த ஆட்டமே பிறந்தது.

அதே ஆட்டத்தின் ரசிகர்கள் இன்று டிமெட்ரியஸ் ஜான்சனை 'பொடியன்' என்று தள்ளிவைக்கிறார்கள். உயரம் 5 அடி 3 அங்குலம். எடை 57 கிலோவுக்குள். பிரிவுக்குப் பெயரே ஃப்ளைவெயிட், அதாவது ஈ எடை. பெயர் வைத்தவரே கிண்டல் பேர்வழி போலிருக்கிறது.

2011-ல், ஒரு படி மேலே இருந்த பிரிவில் டாமினிக் க்ரூஸோடு பட்டத்துக்கு மோதித் தோற்ற காலத்திலும் ஜான்சன் ஒரு கிடங்கில் முழு நேர வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நமக்கெல்லாம் ஆபீஸ் விட்டால் பஸ் பிடிக்கவே தெம்பு இருப்பதில்லை! 2012-ல் ஃப்ளைவெயிட் பட்டம். அப்புறம் வரிசையாக 11 தடவை தக்கவைத்தார். ஆண்டர்சன் சில்வாவின் பத்து உடைந்தது. 2015-ல் ஹொரிகுச்சியோடு சண்டை. 25 நிமிஷ ஆட்டத்தில் ஒரே செகண்ட் பாக்கி. பாயிண்ட்டில் ஜெயித்துக்கொண்டிருந்தவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கையைப் பூட்டினார், எதிராளி தட்டினார்.

'எதிரிகள் சோப்ளாங்கிகள்' என்பது அடுத்த குற்றச்சாட்டு. ஹென்றி செஹுடோ 2008 ஒலிம்பிக் மல்யுத்தத் தங்கம். அவரை 2016-ல் முதல் ரவுண்டிலேயே முடித்தவர் ஜான்சன். 2018-ல் அதே செஹுடோவிடம் நடுவர்கள் பிளவுபட்ட தீர்ப்பில் பட்டம் போனது உண்மை. 'ஹெவிவெயிட்காரன் ஒரு அடி விட்டால் என்ன ஆவார்?' என்கிறார்கள். மாவாகிவிடுவார், ஒப்புக்கொள்கிறேன். அதைக் கண்டுபிடிக்க எடை பார்க்கிற மெஷின் போதுமே சார், கூண்டு எதற்கு?

இவர் நடத்திய சண்டைகளுக்குக் காசு கட்டிப் பார்க்க ஆள் குறைச்சல். வாயைத் திறந்து சவடால் விடத் தெரியாது. வேலை மட்டும் தெரிந்த குமாஸ்தாவுக்கு என்ன கதியோ அதேதான் நடந்தது. தோற்ற மூன்றே மாதத்துக்குள், பென் ஆஸ்க்ரன் என்ற வீரரை வாங்கிக்கொண்டு இவரை சிங்கப்பூரின் ஒன் சாம்பியன்ஷிப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய ஸ்கூட்டர் எக்ஸ்சேஞ்ச்! அங்கே போய் 2021-ல் அட்ரியானோ மொராயஸிடம் நாக்அவுட் ஆனார். 2022-லும் 2023-லும் அதே ஆளைத் தோற்கடித்தார். 2024-ல், 38 வயதில் ஓய்வு.

ஜோன்ஸ் கட்சிக்காரர்கள் தாராளமாகத் திட்டி எழுதலாம். எழுதுமுன் ஜான்சன் 2017 அக்டோபரில் ரே போர்கோடு ஆடிய ஐந்தாவது ரவுண்டை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பின்னாலிருந்து ஆளைத் தூக்குகிறார், வீசுகிறார், அந்த ஆள் தரைக்கு வருவதற்குள் கை இவர் பூட்டில் இருக்கிறது. நான் நாலு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தும், எந்த இடத்தில் பிடித்தார் என்று பிடிபடவில்லை.