நீதிபதிக்கு எதற்கு ஃபேஸ்புக்?

ஜூன் 12. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள். அன்று தண்ணீர் வந்தால் தஞ்சாவூரில் குறுவை உண்டு. வராவிட்டால்? டெல்லியில் யாரோ எழுதும் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்தது. பெங்களூரின் குடிநீர்த் தேவை அதற்கு ஒரு காரணம். டெல்டாவுக்கு வயிறு எரிந்தது. இருந்தும் தீர்ப்பு தீர்ப்புதான் என்று இருந்துவிட்டது. இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் ஒரு மாதம் முன்பு, "பாவம் பெங்களூர் மக்கள்" என்று ஃபேஸ்புக்கில் ஒரு வரி போட்டிருந்தால்? யாரும் போடவில்லை. போட்டிருந்தால் அந்த 14.75 டி.எம்.சி. குறைப்பைத் தீர்ப்பு என்று இங்கே யார் ஒத்துக்கொண்டிருப்பார்கள்?

அந்தப் பக்கமும் இதே கதைதான். 2016 செப்டம்பரில் நொடிக்கு 15,000 கன அடி திறக்கச் சொன்னதும் பெங்களூரில் தமிழகப் பேருந்துகள் எரிந்தன. ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக ஒரு தமிழ் மாணவரை அடித்தார்கள். ஒரு மாணவரின் பதிவுக்கே இந்தக் கதி என்றால், நீதிபதியின் பதிவு எத்தனை ஊரைக் கொளுத்தும்?

"நீதிபதியும் குடிமகன்தானே, அவருக்குப் பேச்சுரிமை இல்லையா?" என்பார்கள். உண்டு. ஆனால் அந்த நாற்காலியில் யாரும் அவரைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்கவில்லை. நிலுவையில் உள்ள, நாளை வரக்கூடிய வழக்குகள் பற்றிப் பொதுவில் கருத்துச் சொல்லக் கூடாது, பத்திரிகைக்குப் பேட்டி தரக் கூடாது என்று 1997-லேயே உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தங்களுக்குத் தாங்களே நெறி வகுத்துக்கொண்டார்கள். 2024 டிசம்பரில் நீதிபதி நாகரத்னா அமர்வு, நீதிபதிகள் துறவி போல் வாழ வேண்டும், ஃபேஸ்புக் பக்கம் போகக் கூடாது என்று வாய்மொழியாகச் சொன்னது.

கேட்டார்களா? கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அபிஜித் கங்கோபாத்யாய் 2022-ல் பதவியில் இருந்தபடியே டிவிக்குப் பேட்டி கொடுத்தார். 2024 மார்ச்சில் பதவி விலகினார். இரண்டே நாளில் பாஜகவில் சேர்ந்தார். இனி அவருடைய பழைய தீர்ப்புகளை எந்தக் கண்ணால் படிப்பது?

வாயை மொத்தமாகக் கட்டச் சொல்லவில்லை. சட்டக் கல்லூரியில் பேசட்டும், புத்தகம் எழுதட்டும். நீதிமன்ற விசாரணை நேரலையில் வரட்டும், தீர்ப்பை ஊரே விமர்சிக்கட்டும். அரசியலும் வழக்கும் மட்டும் வேண்டாம். லைக், ஷேர் கூட வேண்டாம். நடுவர் மன்றம், மேலாண்மை ஆணையம் என்று தண்ணீர் பங்கிடும் எல்லோருக்கும் இதுவே விதியாக இருக்க வேண்டும். அதுவும் வெறும் அறிவுரையாக இல்லாமல், மீறினால் வழக்கிலிருந்து விலக்கும் விதியாக.

கடைமடை விவசாயியிடம் அணை இல்லை, மதகுச் சாவி இல்லை. ஒரு தீர்ப்பு மட்டும்தான் இருக்கிறது. அதையும் ஒரு லைக்குக்காகக் கெடுக்காதீர்கள்.